முத்திரைத்தாளா, குடும்ப நல நீதிமன்றமா?

எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மகள் பிறந்தபோது எனக்கு வயது 23, அவள் அம்மாவுக்கு 21. சேர்ந்து வாழ்வது ஒத்துவராது என்று தெரிந்ததும், குழந்தை யாரிடம் இருப்பது, நான் எப்போது வந்து பார்ப்பது என்பதையெல்லாம் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். ஒன்றரை வருடம் கழித்து குடும்ப நல நீதிமன்றம் போனோம். இரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன், கோர்ட்டுதான்.

முத்திரைத்தாளின் வசதி தெரிந்ததுதான், ஒரே நாளில் வேலை முடியும், செலவும் குறைவு. சண்டை வராத வரைக்கும் அது போதும்.

எங்களுக்கு வந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் மத்தாப்புப் பெட்டியும் பட்டுப்பாவாடையுமாக அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன், கதவு திறக்கவில்லை. தாளோடு காவல் நிலையம் போனால், பிரித்துக்கூடப் பார்க்காமல் "இது சிவில் மேட்டர் தம்பி, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் சொன்னது சரிதான். அப்பாக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்), காப்பாளர் (கார்டியன்) சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு அம்மாதான் காப்பாளர், அவருக்குப் பிறகே அப்பா. தாளில் நாங்கள் எழுதிக்கொண்ட 'சம உரிமை' சட்டத்தின் முன் நிற்காது.

கோர்ட்டில், குழந்தை வசிக்கும் ஊரிலேயே மனுப் போட்டோம், சமரசப் பேச்சுக்கு அனுப்பினார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 6 வரை என்னிடம், தீபாவளி ஒரு வருடம் இங்கே மறு வருடம் அங்கே, பள்ளிக் கட்டணத்தில் பாதி என் பொறுப்பு என்று பேசி முடித்ததை நீதிபதி உத்தரவாக்கினார். இனி யார் மீறினாலும் அதே கோர்ட்டில் கேட்கலாம், நிலைமை மாறினால் திருத்தவும் கேட்கலாம்.

"சட்டப்படி எனக்குத்தானே முதல் உரிமை, கோர்ட் எதற்கு" என்று அம்மாக்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே திருமணமாகாத தாய் காப்பாளர் உத்தரவு பெறலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் மாதாமாதம் பணம் தவறாமல் வர வேண்டுமென்றால் உத்தரவு கையில் இருப்பது நல்லது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார் (எனக்குத்தான் பீஸ்).

நாங்கள் ஒத்துப்போனதால் ஏழு மாதத்தில் முடிந்தது. ஒருவர் எதிர்த்தால் எத்தனை வாய்தா ஆகும் என்பதற்கு என் கதையை அளவாக வைக்காதீர்கள். அப்புறம், அந்தப் பழைய முத்திரைத்தாளும் வீணாகவில்லை, சமரசப் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் மேஜையில் எடுத்து வைத்தோம்.