ரௌட்டருக்குப் பின்னால் ஒரு வெப் சர்வர்: மூன்று வருட அனுபவம்

அப்பா எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி வீட்டிலேயே ஒரு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டு ஓட்டி வருகிறேன். மூன்று வருடம் ஆகிறது.

தொடக்கம் சுலபம்தான். ரௌட்டரில் பைக்கு 192.168.1.20 என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு (இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அந்த முகவரி வேறு யாருக்காவது போய்விடும்), வெப் தளத்துக்கு வருகிறவர்கள் நுழையும் 80, 443 இரண்டு போர்ட்டையும் (வாசல் எண்கள்) அதற்கு ஃபார்வர்டு செய்தேன், அதாவது திருப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டு வைஃபையில் தளத்தைத் திறந்தால் ரௌட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கிறது. ஒரு மணி நேரம் நோண்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டால், "இங்க நல்லா வருதுடா, அம்மா படம்கூடப் பார்த்துட்டேன்" என்கிறாள். உள்ளே இருந்து தன் வெளி முகவரிக்கே கிளம்பும் பாக்கெட்டைத் திருப்பி உள்ளே அனுப்ப அந்த ரௌட்டருக்குத் தெரியாது. இப்படித் திருப்பி அனுப்புவதை ஹேர்பின் நேட் என்பார்கள் (நேட் என்றால் ரௌட்டர் பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்புவது). வீட்டுக்குள் மட்டும் அந்தப் பெயருக்கு 192.168.1.20 என்று பதில் சொல்ல உள்ளூர் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) வைத்ததும் சரியானது. அதிலிருந்து எதைச் சோதித்தாலும் மொபைல் டேட்டாவில்தான்.

இரண்டாவது ரௌட்டர் வேறு மாதிரி படுத்தியது. வெளியிலிருந்து வருகிறவர்களின் முகவரியையும் அது மாற்றிவிடும், சர்வரின் வருகைப் பதிவான லாகில் வரிக்கு வரி 192.168.1.1 என்ற ரௌட்டரின் முகவரி மட்டுமே இருக்கும். எங்கிருந்தோ ஒரு பாட் (தானியங்கி நிரல்) பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க, இப்படி முயற்சி செய்யும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் தன் வேலையைச் சரியாகச் செய்து 192.168.1.1-ஐத் தடுத்தது. அவ்வளவுதான், யாராலும் உள்ளே வர முடியவில்லை. ஃபெயில்2பேன் போடும் முன் லாகில் உண்மையான முகவரி விழுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். இரண்டாம் வருடம் இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களைப் பொது நேட்டுக்குள் (பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் சிஜிநேட்) தள்ளிவிட்டது. ரௌட்டரின் வேன் (WAN, வெளி இணைய) பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் முகவரி. 100.64.0.0/10 என்ற அந்த வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அதற்கு மேலே இன்னொரு நேட் அவர்கள் கையில் இருக்கிறது, நாம் போர்ட்டை எத்தனை முறை ஃபார்வர்டு செய்தாலும் பயனில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, காசு கொடுத்து வாங்கும் இணைப்பு இது.

கடைசியில் சின்ன விபிஎஸ் ஒன்றை (சொந்த வெளி முகவரி உள்ள, இணையத்தில் இருக்கும் சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் டனல் (மறையாக்கிய தனிப்பாதை) போட்டேன்; தளத்துக்கு வருகிறவர்கள் விபிஎஸ்ஸுக்கு வந்து, அந்த வழியாகப் பையை அடைவார்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் எந்த நேட்டும் தடுக்காது. பாதை உயிரோடு இருக்க அவ்வப்போது சின்ன பாக்கெட் அனுப்பும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவை 25 வினாடி என்று வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் யாரும் வராமலிருந்தால் நேட் அந்த வழியை மறந்துவிடும், அப்புறம் விபிஎஸ்ஸிலிருந்து பையை எட்ட முடியாது. தளத்தின் எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் இப்போது விபிஎஸ்ஸிலேயே புதுப்பித்துக்கொள்கிறது. படம் திறக்க முன்பைவிடத் துளி நேரம் கூடத்தான் ஆகிறது, ஆனால் வீட்டு ரௌட்டரில் இப்போது திறந்த போர்ட் ஒன்றுகூட இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதையும் வாங்கும் முன் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் நேராக டனலுக்குப் போய்விடுங்கள்.