தோரோங் கணவாய் ஓட்டப் பயணம்: பணம் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள நம் ஓட்டக்காரர்கள் சிலர் நேப்பாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குப் போகத் தயாராகி வருவதாகவும், சென்ற அக்டோபரில் எங்களை அழைத்துச் சென்ற அதே ஏற்பாட்டாளர் மறுபடியும் முன்பணம் வாங்கத் தொடங்கியிருப்பதாகவும் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். என் முறையீடு இன்னும் விசாரணைக்கு வராததால் அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. நடந்ததை மட்டும் உள்ளபடி சொல்கிறேன்.

எங்கள் குழுவினர் எட்டுப் பேரும் ஞாயிறு காலைகளில் பினாங்கின் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலைக்கு ஓடி ஏறுபவர்கள். எங்களில் இருவர் கினபாலு மலை ஏறியிருக்கிறோம். ஆனால் கொடிமலையின் உயரம் 833 மீட்டர். கினபாலு 4,095 மீட்டர் என்றாலும் அங்கே மேலே தங்குவது பெரும்பாலும் ஓர் இரவுதான். அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் உச்சமான தோரோங் கணவாயோ 5,416 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் நமக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இவ்வளவு பெரிய வேறுபாட்டை எங்களுக்கு முதலில் எடுத்துச் சொன்னவரே அந்த ஏற்பாட்டாளர்தான் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவர் கோலாலம்பூர்க்காரர், தமிழர், எங்கள் ஓட்டத்துக்கு இரண்டு முறை வந்து கூடவே ஓடியவர். பயணத்தின் முடிவில் முக்திநாத் தரிசனம் உண்டு என்றும், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுவே என்று வைணவர்கள் கொண்டாடுகிறார்கள் என்றும் அவர் சொன்னபோது, எங்களில் மூத்தவரான அக்கா ஒருவர் அன்றே முன்பணம் கட்டிவிட்டார். விமானச் சீட்டு நீங்கலாக ஆளுக்கு 8,400 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு ஈடாக எட்டுப் பேருக்கு மேற்படாத குழு, எங்களோடு ஓடி வரக்கூடிய உரிமம் பெற்ற வழிகாட்டி, ஒவ்வொரு மாலையும் நாங்கள் விடுதிக்குப் போய்ச் சேரும்போது காத்திருக்கும் பைகள், அவசரத்துக்கு ஆக்சிஜன், ஹெலிகாப்டர் மீட்புக்குக் காப்புறுதி ஆகியவை தரப்படும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதி அனுப்பினார். அந்தத் தாளில் நான் இன்றும் விரலை வைத்துக் காட்டக்கூடிய வரி ஒன்று உண்டு: மனாங்கில் இரண்டு இரவுகள் தங்குவோம், நடுவில் உள்ள பகலில் 4,600 மீட்டர் உயரத்துப் பனி ஏரிவரை ஏறி இறங்கி உடலைப் பழக்குவோம், அதற்கடுத்த இரவு யாக் கர்க்காவில், அதன் பிறகே கணவாயின் அடிவாரத்தில் உள்ள தோரோங் பேதி. எங்களிடமிருந்து களவு போனவை மனாங்கின் இரண்டாம் இரவும் யாக் கர்க்கா இரவும்.

காட்மாண்டுவில் இறங்கியதும் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. கோலாலம்பூரிலிருந்து இன்னொரு குழு வரும்வரை எங்களை அங்கேயே இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். எட்டுப் பேர் பதினேழு பேரானோம். அனுமதிச் சீட்டுக்கு என்று ஆளுக்கு 650 வெள்ளி கூடுதலாகக் கேட்டு வாங்கினார். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிக் கட்டணம் எங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேப்பாள ரூபாய், அதாவது ஏறத்தாழ 100 வெள்ளி என்பதைச் சோதனைச் சாவடியில் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

வழிகாட்டியின் கதை இதைவிட மோசம். 2023 ஏப்ரல் 1 முதல் இத்தகைய பாதைகளில் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் செல்லக்கூடாது என்பது நேப்பாளச் சுற்றுலா வாரியத்தின் விதி. விதிப்படி ஒருவர் எங்களுடன் ஜீப்பில் வந்தார். தாராபானிச் சாவடியில் தம் அட்டையைக் காட்டினார். எங்கள் பெயர்கள் பதிவானதும் அதே ஜீப்பில் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு எங்களை வழிநடத்தியவர்கள் இருபது வயதுகூட நிரம்பாத இரண்டு சுமைதூக்கும் தம்பிகள். அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்ததைப் பின்னால் சொல்கிறேன்.

பைகள் ஒரு நாளும் நேரத்துக்கு வரவில்லை. 3,300 மீட்டர் உயரத்தில் உள்ள மேல் பிசாங்கில் வியர்வையில் நனைந்த ஓட்ட உடையோடு இரவு ஒன்பது மணிவரை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

மனாங்கை அடைந்த மாலை ஏற்பாட்டாளரும் ஜீப்பில் வந்து சேர்ந்தார். காட்மாண்டுவில் இழந்த இரண்டு நாள்களை ஈடுகட்ட வேண்டும், திரும்பும் விமானச் சீட்டை மாற்ற முடியாது, ஆகவே மறுநாளே தோரோங் பேதி, அதற்கு மறுநாள் விடியலில் கணவாய் என்று அறிவித்தார். ஓய்வு நாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். "அண்ணே, அது நடந்து போறவங்களுக்கு எழுதின கணக்கு. நீங்கல்லாம் ஓட்டக்காரங்க, உங்க உடம்புக்கு அது தேவையே இல்ல" என்றார். அவரைச் சுற்றி நின்ற பதினேழு பேரில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் இனித்தது. எனக்கும் ஒரு கணம் இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது முழுப் பொய். உடற்பயிற்சியும் ஓட்ட வேகமும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயரநோயிலிருந்து யாரையும் காப்பதில்லை. அந்த நோய் நுரையீரலின் வலுவையும் காலின் வலுவையும் பார்த்து வருவதில்லை. உடல் பழகுவதற்குக் கொடுத்த நாள்களைப் பார்த்தே வருகிறது. வேகமாக ஓடக்கூடியவர் வேகமாக உயரத்துக்குப் போய்விடுகிறார் என்பதால் அவருக்கு ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, ஓர் இரவு உறங்கும் உயரத்துக்கும் அடுத்த இரவு உறங்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான நெறி. மனாங் 3,540 மீட்டர். தோரோங் பேதி ஏறத்தாழ 4,450 மீட்டர். ஒரே நாளில் 900 மீட்டருக்கு மேல் எங்களை ஏற்றிப் படுக்கவைத்தார்கள். அதே மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. பயணக் காலங்களில் நாள்தோறும் பிற்பகலில் உயரநோய் பற்றி அங்கே மருத்துவர்கள் விளக்கம் தருகிறார்கள். அந்த ஒரு பகல் எங்களுக்குக் கிடைத்திருந்தால் நாங்கள் எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்திருப்போம்; அடுத்த நாள் யாரும் தோரோங் பேதிக்கு ஏறியிருக்க மாட்டோம்.

ஏற்பாட்டாளர் மறுநாள் காலையிலேயே பொக்காராவுக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் ஏறினோம். தோரோங் பேதியை அடைந்தபோது அக்காவுக்குத் தலைவலி. சோறு வேண்டாம் என்றார். களைப்பு என்று நினைத்தோம். இரவு பத்தரை மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, தலை வெடிச்சிடும் போல இருக்கு. மூணு தடவை வாந்தி எடுத்துட்டேன்" என்றார். வராந்தாவில் ஒரு பலகையின் விளிம்பைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்களோடு ஒட்டிவைத்து நேராக நடக்கச் சொன்னேன். கொடிமலைப் பாதையில் எங்களுக்கெல்லாம் முன்னால் ஓடுபவர், நான்காவது அடியில் சுவரில் போய் மோதினார். உயரம் மூளையைத் தாக்கத் தொடங்கியதற்கு அந்தத் தள்ளாட்டம் அடையாளம். அதற்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான்.

எழுதித் தந்த ஆக்சிஜன் எங்கே என்று தம்பிகளைக் கேட்டேன். அப்படி ஒன்றை அவர்கள் கண்ணாலும் பார்த்ததில்லை. ஏற்பாட்டாளரின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இருட்டில் ஹெலிகாப்டர் வராது. அந்த இரண்டு தம்பிகளில் ஒருவர், பகல் முழுவதும் நான்கு பேரின் பைகளைச் சுமந்து வந்தவர், எதுவும் பேசாமல் தம் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு அக்காவின் கையைத் தம் தோளில் போட்டுக்கொண்டார். மூவரும் இறங்கினோம். சரளைக்கல் சரிந்து விழும் சரிவு ஒன்று வழியில் இருக்கிறது. அதை இரவில் கடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. யாக் கர்க்காவை அடைந்தபோது மணி இரண்டே முக்கால். பாதி வழியிலேயே அக்காவின் பேச்சு தெளிந்திருந்தது. விடிந்ததும் ஒரு குதிரை பிடித்து மனாங்கின் மருத்துவ நிலையத்தில் சேர்த்தோம். அங்கே ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் கொடுத்தார்கள். மேலும் சில மணி நேரம் தோரோங் பேதியிலேயே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டதற்கு அந்த மருத்துவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இறங்கியது சரி என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தம்பிக்குப் பேசிய கூலியில் பாதிகூடத் தரப்படவில்லை என்பது மனாங்கில் தெரியவந்தது. எங்களிடம் இருந்ததைத் திரட்டிக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டார்.

பதினேழு பேரில் ஒன்பது பேர் கணவாயைக் கடந்து முக்திநாத்துக்குப் போனார்கள். எல்லாரும் நலமாகத் திரும்பியது வானிலையின் கருணை. 2014 அக்டோபரில் எதிர்பாராத பனிப்புயலில் அந்தக் கணவாயிலும் அதைச் சுற்றிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் பதினேழு பேரை முறையான வழிகாட்டி ஒருவர்கூட இல்லாமல் அனுப்பியவர் இப்போது மறுபடியும் அனுப்பப் போகிறார்.

ஊர் திரும்பியதும் அவர் அளித்த காப்புறுதிப் பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். 3,500 மீட்டருக்கு மேல் நடக்கும் எதற்கும் அது செல்லாது. மனாங்கிலிருந்து முக்திநாத்வரை எங்கள் பாதையோ முழுவதும் அதற்கு மேலே. அவருடைய நிறுவனம் வணிகப் பதிவு மட்டுமே பெற்றது என்பதும் தெரிந்தது. மலேசியாவின் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பயணம் நடத்துவதற்குச் சுற்றுலா அமைச்சு தரும் உரிமம் அவரிடம் இல்லை. வணிகப் பதிவு எண்ணை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்ததால் அதுவே உரிமம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். சுற்றுலா அமைச்சின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. பணத்தை நிறுவனக் கணக்கில் கட்டாமல் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் கட்டியதும் எங்கள் பிழைதான்.

உங்களில் எவரேனும் இவரோடோ வேறு எவரோடோ போவதாக இருந்தால், ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் எத்தனை மீட்டர் உயரத்தில் உறங்கப் போகிறீர்கள் என்பதையும், நாள் குறைந்தால் எந்த இரவை நீக்குவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கணவாயைக் கைவிடுவோம், ஓய்வு நாளைக் கைவிட மாட்டோம் என்று எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். வழிகாட்டியின் பெயரும் உரிம எண்ணும், அவர் கடைசி நாள்வரை கூட இருப்பார் என்ற உறுதியும் அதே தாளில் இருக்க வேண்டும். காப்புறுதியை நீங்களே வாங்குங்கள். உயர வரம்பு 5,416 மீட்டரைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பாதியில் திரும்பியது நீங்கள்தான் என்று அவர் பதில் அனுப்பினார். அதன் பிறகு நானும் அக்காவும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் தனித்தனியே மனுச் செய்தோம். 50,000 வெள்ளிவரை உள்ள கோரிக்கைகளை அங்கே கொண்டு செல்லலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். முந்திய பயணங்களில் அவரோடு போய் ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டையும் புலனச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

மனுவின் நகல் கைக்குக் கிடைத்த மறுவாரம் அவர் ஜார்ஜ்டவுனுக்கே வந்து, ஆளுக்கு 3,000 வெள்ளி தருவதாகவும், இந்தப் பயணத்தைப் பற்றி எங்கும் எழுதவோ பேசவோ மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். அக்கா அந்தத் தாளை வாசித்துவிட்டு மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். இப்போது விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.