மலையில் எந்த அயர்ன்: பிளேடா, கேவிட்டி பேக்கா?

ஊட்டியிலும் வெலிங்டனிலும் கொடைக்கானலிலும் கோல்ஃப் ஆடுகிறவர்கள் நாலு பேர் டீக்கு உட்கார்ந்தால் இந்த வழக்கு வராமல் இருக்காது. அடுத்த அயர்ன் செட் (எஃகுத் தலை மட்டைகள்) பிளேடா, கேவிட்டி பேக்கா? எங்கே கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: கை தேர்ந்தவருக்குப் பிளேடு, மற்றவருக்குக் கேவிட்டி. சமதரையில், கடல் மட்டத்தில் ஆடுகிறவருக்கு அது போதும். ஏழாயிரம் அடி உயரத்தில், ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நின்று அடிக்கிற நமக்குப் போதாது.

பிளேடு என்பது எஃகைச் சூடாக்கி அச்சில் அடித்துச் செய்யும் பழைய பாணி. பின்பக்கம் குடைவு இல்லாத ஒரே தகடு, மெல்லிய மேல்விளிம்பு, ஒடுக்கமான அடிப்பாகம். அயர்ன் என்றாலே ஒரு காலத்தில் இதுதான். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம்தான் 1960களில் தன் பிங் அயர்ன்களின் பின்பக்கத்தைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளினார். அந்தக் குடைவு வைத்த அயர்ன்தான் கேவிட்டி பேக். 1982இல் வந்த பிங் ஐ2 அந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அச்சில் அடித்து ஃபோர்ஜ் செய்தால் பிளேடு, உருக்கி வார்த்தால் கேவிட்டி என்று பலர் பிரித்துவைத்திருக்கிறார்கள். அது சரியில்லை. ஜப்பானிய நிறுவனமான மிசுனோவில் ஃபோர்ஜ் செய்த கேவிட்டிகள் எத்தனையோ உண்டு.

எடையை ஓரத்துக்குத் தள்ளுவதால் என்ன லாபம்? பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எடை இரண்டு முனையிலும் தொங்குவதால் அவரால் சட்டென்று திரும்ப முடியாது. கேவிட்டியின் தலையும் அப்படித்தான். பந்து நடுவில் படாமல் நுனியில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது. பிளேடில் அதே அடி பட்டால் தலை திருகி, தூரமும் குறைந்து, பந்து கிரீனுக்கு (குழி இருக்கும் புல்பரப்புக்கு) முன்னாலேயே உட்கார்ந்துவிடும். கேவிட்டிக்கு ஸ்வீட் ஸ்பாட் (அடி கச்சிதமாகப் படும் இடம்) பெரிசு என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் இரண்டிலும் அது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியை விட்டு விலகும்போது கட்டுகிற அபராதம்தான் வேறு. வலக்கைக்காரர் மட்டையின் முகத்தை, அதாவது பந்தில் படும் பக்கத்தை, வலப்பக்கம் திறந்தபடி கொண்டுவந்து அடித்தால் பந்து வலப்பக்கம் போகத்தான் செய்யும். எந்தக் கேவிட்டியும் அதைத் தடுக்காது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி மலைக்கு வருவோம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்குள்ள காற்று கடல் மட்டக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. பந்து தூரம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்னையில் 150 யார்டு போகிற அடி இங்கே 160 யார்டைத் தொடும். பந்து வளைவதும் குறையும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. சுழலும் பந்தை வளைப்பது காற்று. காற்று மெலிந்தால் வளைவும் மெலியும். பிளேடுக்காக வாதாடுகிறவர்கள் முதலில் எடுத்துவைப்பது, பந்தை இடமோ வலமோ நினைத்தபடி வளைக்கலாம் என்பதைத்தானே? நந்தனத்தில் ஒரு மரத்தைச் சுற்றிக் கொண்டுபோகும் அதே அடி, இங்கே அவ்வளவாக வளையாமல் போய் மஞ்சள் பூ முள்புதருக்குள் விழும். ஆக, பிளேடுக்கு நாம் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு இந்த மலைக்காற்றிலேயே கரைந்துபோகிறது. ஸ்லைஸ் அடிக்கிறவருக்கு, அதாவது பந்து வேண்டாமலே வலப்பக்கம் வளைகிற வலக்கைக்காரருக்கு, இதே காற்று கொஞ்சம் கருணை காட்டுகிறது என்பது தனிக்கதை.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கேவிட்டி வாங்கிவிடலாமா என்றால், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது.

காற்று பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் மலையில் குறைவு. அதனால் பந்து தாழ்ந்த வளைவில் பறந்து, தட்டையாக இறங்கி, கிரீனில் நிற்காமல் ஓடும். இப்போது வருகிற கேவிட்டி செட்டுகளின் லாஃப்டை, அதாவது முகத்தின் சாய்வைப் பாருங்கள். மட்டையின் நம்பர் கூடக் கூட லாஃப்ட் கூடும், தூரம் குறையும். பிளேடில் ஏழாம் நம்பர் 34 அல்லது 35 டிகிரி. தவறிப்போன அடியையும் பொறுத்துக்கொள்ளும் மன்னிக்கும் ரகக் கேவிட்டியில் அதே ஏழாம் நம்பர் 30 டிகிரி, 28 டிகிரி, சிலவற்றில் அதற்கும் கீழே. அதாவது ஆறாம் நம்பரின் மேல், சமயத்தில் ஐந்தாம் நம்பரின் மேல், ‘7’ என்று பொறித்துக் கொடுக்கிறார்கள். ‘என் செவன் அயர்ன் 170 போகுது’ என்று ஒருவர் பெருமைப்பட்டால் அதில் பாதிப் பெருமை அந்த எண்ணைப் பொறித்தவருக்குச் சேர வேண்டும்.

கடல் மட்டத்தில் இது பெரிய குற்றமில்லை. எடை தலையின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் பந்து உயரமாகவே கிளம்பும், நிறைந்த காற்று மேலே தாங்கிக்கொள்ளும், லாஃப்ட் குறைந்தது தெரியாது. மலையில் தாங்க ஆளில்லை. குறைந்த லாஃப்ட், குறைந்த சுழற்சி, மெலிந்த காற்று மூன்றும் சேர்ந்தால், கொடியைத் தாண்டி ஓடுகிற பந்தைத் துரத்திக்கொண்டு சரிவில் இறங்க வேண்டியதுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த செட்டுகளில், ஒன்பதுக்கு அடுத்து வரும் குறுந்தூர மட்டையான பிட்சிங் வெட்ஜே 42, 43 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அடுத்து பையில் இருப்பது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். நடுவில் விழுகிற பள்ளத்துக்கு இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். பையில் 14 மட்டைக்கு மேல் விதி அனுமதிக்காது.

இங்கே நெடுநாளாகப் பை சுமக்கும் கேடி ஒருவர், வெளியூர்க்காரர்களிடம் சொல்கிற வாசகம் எனக்குப் பிடிக்கும்: “நம்பர் கேக்காதீங்க சார். எத்தனை யார்டுன்னு நான் சொல்றேன், உங்க மட்டை எவ்வளவு போகும்னு நீங்க சொல்லுங்க.” “அண்ணா, இது புது செட்டு, எனக்கே தெரியாது” என்றால், “அப்போ ஒண்ணு குறைச்சே எடுங்க சார், ஏழுக்குப் பதிலா எட்டு” என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நடக்கும்.

அடுத்தது அடிப்பாகம். மலை மைதானத்தில் பிளேடு கேவிட்டி என்ற பெயரைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறக்கத்தில் நின்று அடிக்கும்போது அகலமான அடிப்பாகத்தின் பின்விளிம்பு முதலில் தரையைத் தட்டும். மட்டை எகிறும், பந்தின் தலையில் அடி விழும். ஒடுக்கமான பிளேடு அங்கே சுத்தமாக உள்ளே போய் வெளியே வரும். பந்து காலைவிட மேட்டில் இருந்தால் வலக்கைக்காரருக்கு இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும். மன்னிக்கும் ரக அயர்ன்களில் முகத்தைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்திருப்பார்கள், ஆஃப்செட் என்று சொல்வார்கள். ஸ்லைஸைக் குறைக்க வந்த அந்த ஏற்பாடு, அந்த மேட்டில் இழுவையை இன்னும் கூட்டிவிடும். ஏற்கெனவே ஹூக் அடிக்கிற, அதாவது பந்து இடப்பக்கம் வளைந்துபோகிற ஆள் என்றால் அகல ஆஃப்செட் பக்கமே போக வேண்டாம்.

ஆனால் பருவம் மாறினால் நியாயமும் மாறும். ஜூன், ஜூலை மழையில் ஊட்டித் தரை ஊறிக் கிடக்கும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் கொடைக்கானலும் குன்னூரும் நனையும்போதும், பிளேடின் ஒடுக்கமான விளிம்பு மண்ணுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அகல அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விலகியபின் தரை கெட்டியாக இருக்கும் நாட்களில் கதை தலைகீழ். மலையெங்கும் படர்ந்திருக்கும் கிக்குயு புல்லில் பந்து உள்ளே இறங்கிவிட்டால் நீளமான தலை நிறையப் புல்லைச் சேர்த்து இழுக்கும், முகம் மூடிக்கொள்ளும். சின்னத் தலை அங்கே தேவலை. கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய மைதானத்தில் காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போன குளம்படிக்குள் பந்து விழுந்தால் மட்டும் இரண்டுமே ஒன்றுதான்.

கைக்குக் கிடைக்கும் உணர்வைப் பற்றிப் பிளேடுக்காரர்கள் கவிதையே பாடுவார்கள். நடுவில் பட்டால் பட்டதே தெரியாது என்பது உண்மைதான். நடுவில் படாவிட்டால், குளிர்காலக் காலையில் விரல் முதல் முழங்கை வரை தெரியும். அந்த வலிதான் பாடம், அதனால்தான் ஆட்டம் தேறும் என்பது அவர்கள் வாதம். தினமும் பயிற்சி செய்கிறவருக்கு அது சரி. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஆடுகிறவருக்கு அது பாடமில்லை, வலி மட்டும்தான். டைகர் உட்ஸ் பிளேடுதானே வைத்திருக்கிறார் என்று உடனே ஒருவர் கேட்பார். அவர் நுனியில் அடிக்கிற பந்துகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே நீள அயர்ன்களுக்குக் கேவிட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இன்று நிறையப் பேர்.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயம். கார்பன் எஃகின் மேல் குரோம் பூச்சு உரிந்த இடத்தில் இந்த மூடுபனி ஈரத்துக்குத் துரு பிடிக்கும். நனைந்த உறையோடு கார் டிக்கியில் போட்டுவிட்டுப் போகிறவர் ஸ்டெயின்லெஸ் கேவிட்டியே வாங்கட்டும். அதே கார்பன் எஃகு மென்மையானது என்பதால் டிகிரியைக் கூட்டிக் குறைக்க வளைப்பது எளிது. வார்த்த ஸ்டெயின்லெஸ் அவ்வளவு லேசில் வளையாது.

எது உங்களுக்கு என்று தெரிய ஒரு மலிவான வழி இருக்கிறது. ஏழாம் நம்பரின் முகத்தில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் துடைத்துத் தூவி, பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். அந்த வட்டங்களின் நடுப்புள்ளிகள் பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் பிளேடு பற்றிப் பேசலாம். குதியிலும் நுனியிலும் மேலும் கீழும் சிதறினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சரிவில் நின்றும் அடித்துப் பார்க்க வேண்டும். சமதரையில் நாணயத்துக்குள் நிற்கிற பலருடைய அடி, சரிவில் நிற்காது.

என் தீர்ப்பு இதுதான். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறன் அதிகம்) 12, 15க்கு மேலே உள்ளவர் மலையில் கேவிட்டிதான் வாங்க வேண்டும். ஆனால் கடையில் முதலில் நீட்டுகிற அகலமான ரகம் வேண்டாம். ஏழாம் நம்பர் 32, 33 டிகிரிக்குக் குறையாமல், அடிப்பாகம் நடுத்தரமாக, ஆஃப்செட் குறைவாக உள்ளதைக் கேளுங்கள். பிளேயர்ஸ் கேவிட்டி என்ற பெயரில் கிடைக்கும். ஸ்விங் வேகம் தணிந்துவிட்ட பெரியவர்களுக்கு மட்டும் அகல அடிப்பாகமும் கிராஃபைட் ஷாஃப்டும் (மட்டைத் தண்டும்) நல்லது, லாஃப்டை மறக்காமல் பார்த்து வாங்கினால். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர் முழுப் பிளேடு செட்டுக்கு ஆசைப்படுவதைவிட, நாலு முதல் ஏழு வரை கேவிட்டியும், எட்டு, ஒன்பது, பிட்சிங் வெட்ஜ் பிளேடுமாகக் கலந்து வைத்துக்கொள்வது இங்கே அதிகம் உதவும். குட்டை அயர்னில் பந்தை நிறுத்த வேண்டிய தேவை அதிகம், நடுவில் அடிப்பதும் எளிது. நீள அயர்னில் எல்லாம் நேரெதிர்.

கலக்கும்போது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே லாஃப்ட் இடைவெளி 4 டிகிரியாக இருக்கும்படி பாருங்கள். 30 டிகிரி ஏழையும் 39 டிகிரி எட்டையும் ஒரே பையில் போட்டால் நடுவில் ஒரு மட்டையே காணாமல் போகும். ஷாஃப்ட் இரண்டு பகுதிக்கும் ஒரே எடையில் இருக்கட்டும். புது செட் என்றால் விலை எளிதாக லட்சத்தைத் தொடும் காலம் இது. பழையது வாங்கினால் எட்டு, ஒன்பதின் முகத்தில் உள்ள கோடுகள் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.