மூஞ்சியில் கோடு போட்ட அணில்கள்: ஒரு படச்சீட்டுப் பெட்டி

பாம்பன் தெற்குவாடியில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பதினொரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்களுக்காக ஆன்லைனில் 449 ரூபாய்க்கு வாங்கியது இது. பெட்டி மேலே ‘அணில் வகைகள்’ என்று தமிழில் ஸ்டிக்கர். உள்ளே இருந்த 24 சீட்டும் சிப்மங்க் என்ற வெளிநாட்டுப் பிராணி.

அணில் குடும்பம்தான், பொய்யில்லை. ஆனால் முதல் சீட்டை எடுத்ததுமே மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லிவிட்டான்: “டீச்சர், இது நம்ம அணில் இல்ல. மூஞ்சியிலயும் கோடு இருக்கு.” அதுதான் அடையாளம். நம் முருங்கை மரத்தில் ஓடுவதற்கு முதுகில் மட்டும் மூன்று கோடு, ராமர் தடவிக் கொடுத்தது. சிப்மங்குக்கு கண்ணுக்கு மேலும் கீழும்கூட கோடு உண்டு. கன்னத்தில் விதையை அடைத்துத் தூக்கிப்போக இரண்டு பை வேறு.

படங்கள் அருமை. பாறை நிறத்திலேயே கோடு மங்கிப்போன கிளிஃப் சிப்மங்கைத் தேடிக் கண்டுபிடிக்கவே பிள்ளைகளுக்குள் போட்டி. அந்தச் சீட்டில் பாலைவனம் என்றதும் இவர்கள் தனுஷ்கோடி மணலை நினைத்துக்கொண்டார்கள். அப்படியில்லை, வெட்டவெளி மணலில் இவை இருப்பதில்லை. பாலைவனத்தை ஒட்டிய மலைச்சரிவுகளில், பாறை இடுக்கிலும் பைன் மரங்களுக்கு நடுவிலும் இருக்கின்றன. இதைச் சீட்டு சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். எடைக்கு ‘கோல்ஃப் பந்து அளவு’ என்று போட்டிருக்கிறார்கள். தெற்குவாடியில் யார் கோல்ஃப் ஆடுகிறார்கள்? எலுமிச்சம்பழம் என்று திருத்திக்கொண்டோம்.

பெட்டியிலேயே நல்ல சீட்டு பால்மர் சிப்மங்க். அமெரிக்காவின் நெவாடாவில், லாஸ் வேகாஸ் பக்கத்து ஸ்பிரிங் மலைத்தொடரில் மட்டும் வாழ்வது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மலை மேலே குளிர்ந்த காடு, கீழே சுற்றிலும் மொஹாவி பாலைவனம், தாண்டிப்போக வழியில்லை. குந்துகாலில் அப்பா படகு ஓட்டும் பெண் கேட்டாள்: “அப்ப அது குருசடை மாதிரி தீவுதானே டீச்சர்?” ஆமாம், தண்ணீர் இல்லாத தீவு.

இங்கேதான் பெட்டி காலை வாரிவிடுகிறது. ‘அழியும் ஆபத்தில்’ என்று ஒரு சிவப்புப் பொட்டு. ஏன் என்று ஒரு வரி இல்லை. பிள்ளைகள் விடுவார்களா? தேடிப் படித்துத்தான் சொன்னேன். வெயில் கூடக்கூட குளிர்ந்த காடு மேலே மேலே நகரும், பிராணியும் கூடவே ஏறும். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ஆல்பைன் சிப்மங்க் அப்படித்தான்: இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பார்த்ததற்கும் இந்த நூற்றாண்டில் மறுபடி போய்ப் பார்த்ததற்கும் நடுவில், அதன் கீழ் எல்லை 600 மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டிருந்தது. ஸ்பிரிங் மலையின் உச்சி 3,632 மீட்டர். “அதுக்கு மேல?” என்றான் அதே பையன். அதற்கு மேல் மலை இல்லை. 2013இல் அங்கே பெரிய காட்டுத்தீ வேறு.

அப்புறம் தரம். ஆசியாவில் இருக்கும் ஒரே இனம் சைபீரிய சிப்மங்க். அந்தச் சீட்டு எனக்கு இரண்டு வந்தது, அமெரிக்காவின் கிழக்குப் பகுதி இனத்தைக் காணோம். விற்றவர்களுக்கு மூன்று முறை எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று மூன்று முறை பதில் வந்தது. சீட்டு வரவில்லை.

உப்புக்காற்றுக்கும் இந்த அட்டை தாங்காது. ஐப்பசி மழையில் பத்தே நாளில் ஓரம் சுருண்டு அப்பளமாகிவிட்டது. கடற்கரைக்காரர்கள் டப்பாவில் அரிசியோடு போட்டு வையுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அதுவும் படத்துக்காக. லேமினேட் செய்ய ஜெராக்ஸ் கடையில் சீட்டுக்கு 15 ரூபாய் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்றால் இன்னொரு பெட்டி விலை கிட்டத்தட்ட வந்துவிடும். பால்மரையும் ஆல்பைனையும் மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன்.