மலை ரோட்டுல ஓடற பழைய டீசல் ஜீப்புக்கு ரிப்பேர் பண்ணுன ஆல்டர்னேட்டர், ரொம்ப நாள் ஓட்டுன அனுபவம்

புது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடறப்ப கரண்ட் எடுத்து பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான்) வாங்கலாமா, இருக்கறதயே பிரிச்சு சரி பண்ணிக்கலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. நான் பிரிச்சு சரி பண்ணுன கேஸு. வண்டி பழைய டீசல் ஜீப், அஸ்தம்பட்டி வீட்டுக்கும் ஏற்காட்டுக்கு மேல மச்சான் பாத்துக்கற காப்பித் தோட்டத்துக்கும் நடுவுல ஓடறது, சில நாள் மேல ஏத்தறது உரமூட்டை, கீழ எறக்கறது மிளகு. ரிப்பேருக்கு அப்புறம் ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு, அதனால இப்ப எழுதலாம்.

மொதல்ல நோய் எப்படி இருந்துச்சுன்னா, சேலத்துல பகல்ல ஓட்டுனா ஒண்ணுமே தெரியாது. சாயங்காலம் ஏற்காட்டுல பனிமூட்டம் எறங்குன பின்னாடி ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் ஒண்ணா ஓடும்ல, அப்பதான் லைட்டு மஞ்சளாகி வைப்பர் சோம்பேறியாயிரும். அதுலயும் கீழ எறங்கறப்ப கொண்டை ஊசி வளைவுல மேல ஏறி வர்ற பஸ்ஸுக்கு வழி விட்டு ஐடில்ல நிப்போம் பாருங்க, அந்த நேரம் ரொம்ப மோசம், ஏன்னா ஐடில்ல ஆல்டர்னேட்டர் குடுக்கறதே கம்மி. மறுநாள் காலையில செல்ஃப் எடுக்காது.

கேட்ட அத்தனை பேரும் சொன்னது ஒரே வார்த்தை, "பேட்டரி போச்சுண்ணே". பேட்டரிய கழட்டி வெளிய ராத்திரி பூரா சார்ஜ் போட்டு, ஆற வெச்சு பாத்தா 12.6 வோல்ட் அப்படியே நிக்குது, லோடு டெஸ்டர்லயும் பாஸ். அப்ப பேட்டரி மேல பழி போட முடியாதுங்க. சார்ஜ் ஏறலைன்னா பேட்டரிய மாத்துனாலும் புதுசும் அதே வாரத்துல படுத்துக்கும், காசுதான் போகும்.

நல்ல சாதா மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா போதும். இன்ஜின் ஓடறப்ப பேட்டரி முனையில 13.8ல இருந்து 14.5 வரைக்கும் வரணும். எனக்கு 12.2 வந்துச்சு, லைட்டு போட்டா இன்னும் கீழ எறங்குச்சு, ஆக்ஸிலேட்டர் குடுத்தா சில சமயம் 13க்கு மேல துள்ளும், சில சமயம் அசையவே அசையாது. அந்த "சில சமயம்"தான் துப்பு. ஸ்பேனர் கைப்பிடியால ஆல்டர்னேட்டர் பாடிய லேசா தட்டுனதும் மீட்டர் சட்டுன்னு ஏறுச்சு, அது பெரும்பாலும் கார்பன் (உள்ள சுத்தற பாகத்துக்கு ஒரசி கரண்ட் குடுக்கற கட்டை) தேஞ்சதுக்கோ ஒட்டிக்கிட்டதுக்கோ அடையாளம்.

ஆனா அதோட நிறுத்தலை, அது நல்லதா போச்சு. லைட்டு ப்ளோயர் எல்லாம் போட்டு இன்ஜின ஓடவிட்டு, ஆல்டர்னேட்டர் பின்னாடி பெரிய ஒயர் வர்ற போல்ட்டுல ஒரு முனையும் பேட்டரி பிளஸ்ல ஒரு முனையும் வெச்சா 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டணும், அது சரியா இருந்துச்சு. அப்புறம் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வெச்சா 0.6! இன்ஜின்ல இருந்து சேசிஸுக்கு போற எர்த் பட்டை துருப்புடிச்சு பச்சையா கெடந்துச்சு. புது ஆல்டர்னேட்டரே போட்டிருந்தாலும் அந்த 0.6 எங்கயும் போயிருக்காது, திரும்பவும் "பீஸ் சரியில்ல"ன்னு கடைக்காரர்கூட சண்டைதான். உப்புத்தாள் போட்டு தேய்ச்சு போல்ட்ட முறுக்குனேன், செலவே இல்ல.

இன்னொண்ணு, சாவிய போட்டதும் மீட்டர் போர்டுல பேட்டரி சிவப்பு லைட்டு எரியணும். எரியவே இல்லைன்னா பல வண்டில அந்த பல்பு வழியாதான் ஆல்டர்னேட்டருக்கு மொத கரண்ட் போகுது, பல்பு ஃபியூஸ் ஆனாலே சார்ஜ் ஆகாம போகலாம். அதப் பாக்காம ஆல்டர்னேட்டர கழட்டாதீங்க. அப்புறம் ஓடற இன்ஜின்ல பேட்டரி ஒயர கழட்டிப் பாத்து "டைனமோ நல்லா இருக்கு"ன்னு சொல்ற பழைய வித்தைய இப்ப யாரும் பண்ண விடாதீங்க, அந்த நேரத்துல வோல்ட்டேஜ் எகிறி டையோடு (ஆல்டர்னேட்டர் ஏசிய டிசியா மாத்தறது), கட்டவுட் (வோல்ட்டேஜ அளவா வெக்கற ரெகுலேட்டர்), கம்ப்யூட்டர் உள்ள வண்டின்னா அந்த கம்ப்யூட்டர் (ஈசியூ) வரைக்கும் போயிரும்.

அஞ்சு ரோடு பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில பிரிச்சப்ப உள்ள பூரா ஆயில் கசடு. இங்கதான் டீசல்காரங்க கவனிக்கணும். இந்த மாதிரி பழைய டீசல் வண்டிகள்ல பிரேக் பூஸ்டருக்கான (பிரேக் மிதிய லேசாக்கற சாமான்) காத்த உறிஞ்சற வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகுலயே ஒக்காந்திருக்கும், அதுக்கு இன்ஜின் ஆயில் போகும். சீல் கசிஞ்சா ஆயில் உள்ள போயி கார்பன நனைச்சிரும். அதனால கார்பன மட்டும் மாத்தி குடுக்கறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, சீலும் சேத்து மாத்தணும், இல்லைன்னா கொஞ்ச நாள்ல அதே கதை. எனக்கு கார்பன், கட்டவுட், ரெண்டு பேரிங், சீல் எல்லாம் மாத்தி, கார்பன் ஒரசற ஸ்லிப் ரிங்க கழுவி பாலிஷ் போட்டு, புதுசு விலையில பாதிகூட வரலை.

அந்த பம்ப் விஷயத்துல இன்னும் பெருசா ஒண்ணு இருக்கு. ஆல்டர்னேட்டரயும் அதோட பம்பயும் சுத்தற ஃபேன் பெல்ட் அந்துச்சுன்னா சார்ஜ் மட்டும் போகாது, பிரேக் உதவியும் போகும். பூஸ்டர்ல மிச்சம் இருக்கற வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குதான் வரும், அப்புறம் பெடல் கல்லு. ஏற்காட்டுல இருந்து அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அதனால இந்த வகை வண்டில மலை எறங்கறப்ப சிவப்பு லைட்டு எரிஞ்சா "வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்"ங்கற பேச்சே கூடாது, கீழ் கியர்லயே ஓரங்கட்டி பெல்ட்ட பாருங்க. மச்சான் இத கேட்டுட்டு இப்ப சீட்டுக்கு அடியில ஸ்பேர் பெல்ட் ஒண்ணு போட்டு வெச்சிருக்காரு.

ரிப்பேர் முடிச்ச கையோட சிகரெட் லைட்டர்ல சொருகற சின்ன வோல்ட் மீட்டர் ஒண்ணு வாங்கி போட்டேன். ரொம்ப நாள் பாத்ததுல, பேட்டரி முனையில இருக்கறதவிட எப்பவும் 0.2 கம்மியாதான் காட்டும், ஒயர்ல போற நஷ்டம் அது. தோட்டத்து ரோட்டு குலுக்கல்ல லூசாயிரும், ராத்திரி வெளிச்சம் கண்ண குத்தும், மேல டேப் ஒட்டிக்கிட்டேன். ஆனாலும் ஓட்டறவனுக்கு இதைவிட உருப்படியான சாமான் கெடையாது. மார்கழி காலையில மலை மேல 14.3 காட்டும், மே மாசம் கொண்டலாம்பட்டி பைபாஸ்ல வேகாத வெயில்ல 13.7க்கு வரும், பயப்பட வேண்டாம், சூடு ஏறுனா கட்டவுட்டே வோல்ட்டேஜ கொறைக்கும். 15 தாண்டுனாதான் ஆபத்து, கட்டவுட் போச்சு, பேட்டரி தண்ணி கொதிக்கும், அழுகுன முட்டை வாடை வரும். புது மாடல் கார் வெச்சிருக்கறவங்க இந்த நம்பர அப்படியே எடுத்துக்காதீங்க, அதுல பலதுல கம்ப்யூட்டரே வேணும்னு சார்ஜ கொறைச்சு ஏத்தி வெளையாடும்.

மல்டிமீட்டர ஏசி வோல்ட்டுல வெச்சு ஓடற இன்ஜின்ல பேட்டரி முனையில எப்பவாவது பாப்பேன், 0.5க்கு மேல போனா டையோடு சந்தேகம். இப்ப வரைக்கும் அந்தளவுக்கு வரலை. பின்னாடி சீல் ஓரத்துல லேசா ஆயில் ஈரம் தெரியுது, சொட்டலை. பெல்ட்ல உள்பக்கம் வெடிப்பு ஆரம்பிச்சிருக்கு, ஐப்பசி மழைக்கு முன்னாடி அத மாத்தறப்ப சீலையும் ஒரு தடவ பாக்கச் சொல்லணும்.