கீழே காணாமல் போன ஸ்டார்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கிற ஜெராக்ஸ், பைண்டிங் கடை. அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய என் ஆய்வேட்டை அங்கேதான் ஐந்து பிரதி போட்டேன். நைஜீரியாவில் வறுமையை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்பது தலைப்பு. பாதிக்கு மேல் அட்டவணைதான்.

கடைக்கார அண்ணாச்சி பக்கத்தை எண்ணுவதோடு நிற்க மாட்டார், படிக்கவும் செய்வார்.

"வறுமைக் கோடுன்னு போட்டிருக்கியே பிள்ள, அது எவ்வளவாம்?"

"2018-19 கணக்குல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1,37,430 நைரா அண்ணாச்சி. அதுல சாப்பாட்டுக்கே 81,767."

கால்குலேட்டரில் 365-ஆல் வகுத்தார். நாளைக்கு 376 சொச்சம். "சம்பளத்த வச்சா பாக்காங்க?"

"இல்ல, செலவ வச்சு. வீட்டுல விளைஞ்சதச் சாப்பிட்டாலும் விலை போட்டுச் சேத்துருவாங்க."

"அப்போ எங்க ஆச்சி கொல்லையில பறிக்க முருங்கைக்கீரையும் கணக்குல வரும்!"

முதல் பிரதியில்தான் கோளாறு. எத்தனை சதவீதம் பேர் ஏழைகள் என்று சொல்லும் மாநில வாரி அட்டவணை பெரியது, சொகோட்டோ 87.7 சதவீதத்தில் தொடங்கி லாகோஸ் 4.5-இல் முடியும். அதைச் சுருக்கியதில் அடி வரி வெட்டுப்பட்டுவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. தைத்து அட்டை ஒட்டிய பிறகு அண்ணாச்சிதான், "மேல 40.1 பக்கத்துல ஸ்டார் இருக்கு, கீழ ஒண்ணயும் காணுமே" என்றார். 40.1 என்பது நாடு முழுக்க ஏழைகளின் சதவீதம். வெட்டுப்பட்டுப் போன வரி இதுதான்: போர்னோ மாநிலம் சேர்க்கப்படவில்லை. 2018-19இல் கணக்கெடுத்தபோது போக்கோ ஹராம் தீவிரவாதிகளின் சண்டையால் அங்கே பல ஊர்களுக்குள் போகவே முடியவில்லை. எட்டிய வீடுகளை மட்டும் வைத்து முழு மாநிலத்துக்கும் கணக்குச் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டார்கள். அந்த வரி இல்லாமல் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தால் என் கதி என்ன!

பிரித்து, அந்தப் பக்கத்தைப் படுக்கைவாட்டில் அடித்து, திரும்பத் தைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அரை நாள் போச்சு, ஒன்றரை மணி பஸ்ஸும் போச்சு.

அப்புறம் இன்னொரு பக்கத்தைக் காட்டி, "இங்க ஏழைங்க 63 சதவீதம்னு இருக்கே, எது தப்பு?" என்றார். அது 2022இல் எடுத்தது. காசை விட்டுவிட்டுப் படிப்பு, உடம்பு, வேலை, அடுப்பெரிக்கும் விறகு என்று பார்க்கிற பல்பரிமாணக் கணக்கு. இரண்டும் சரிதான் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாத்தியார்ட்டயும் இப்படியே சொல்லு" என்றார்.

பைண்டிங் உறுதி, தங்க எழுத்து கையில் ஒட்டவில்லை. அட்டவணை அதிகம் உள்ளவர்கள் முதலில் ஒரு பிரதி மட்டும் போட்டு அடி வரி வரைக்கும் பாருங்கள். நாலு மணிக்கு மேல் போகாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கும்.