செகண்ட் ஹேண்ட் ஆக்டேவியா ஆர்எஸ் 230: மதுரையில் வாங்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம்?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2017 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 24.62 லட்சம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க் (சுழல் விசை), 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). குடும்பத்தோடு குற்றாலம் போய்வரத் தோதான டிக்கி இருக்கிறது, மிதித்தால் 6.8 விநாடியில் நூறைத் தொடுகிறது. இந்த இரண்டும் ஒரே வண்டியில் அமைவது அபூர்வம். வாங்கத் தகுந்த வண்டிதான்.

சாதாரண செடான் விலை இறங்குவதுபோல இது இறங்குவதில்லை. அடுத்து வந்த ஆர்எஸ் 245, 2020-இல் 35.99 லட்சம், மொத்தமே 200 வண்டி. 2025 அக்டோபரில் வந்த புது ஆர்எஸ் 49.99 லட்சம், 100 வண்டிதான். ஒவ்வொரு முறை புதுசின் விலை ஏறும்போதும் பழைய 230 வைத்திருப்பவர் தன் விலையைப் பிடித்துக்கொள்கிறார். ஆர்சி புக்கில் உள்ள வயசை மட்டும் சொல்லி பேரம் பேசினால் படியாது.

ஆனால் இன்சூரன்ஸ் கணக்கு வேறு. ஐடிவி (வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை) என்பது புது வண்டி விலையில் முதல் ஆறு மாதத்தில் 5%, ஒரு வருடத்துக்குள் 15%, பிறகு 20, 30, 40 என்று கழிந்து, நாலு முடிந்து ஐந்தாவது வருடத்தில் 50%. அதாவது 24.62 லட்சம் வண்டிக்கு 12.31 லட்சம். ஐந்து வருடம் தாண்டினால் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. 18 லட்சம் கொடுத்து வாங்கி, ஐடிவி 10 லட்சம் என்று இருந்தால், வண்டி திருடுபோன அன்றைக்கு 8 லட்சம் உங்கள் கையை விட்டுப் போகிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாலிசி கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களில் பாதிப் பணம் உங்கள் தலையில் விழும்.

வண்டியைக் காலையில், இன்ஜின் சூடேறாத நிலையில் பாருங்கள். போகும்போதே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். இந்த இன்ஜினின் பலவீனம் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங். சூட்டில் பிளாஸ்டிக் வளைந்து கூலன்ட் மெதுவாகக் கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) கீழே, கியர்பாக்ஸ் சேருமிடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த மாதிரி தடம் இருந்தால் கசிவுதான். கூலன்ட் டப்பாவில் பச்சைத் தண்ணீரோ வெறும் தண்ணீரோ இருந்தால், யாரோ காரணத்தைப் பார்க்காமல் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மதுரை சித்திரை வெயிலில் ஏசி போட்டு இருபது நிமிடம் நிற்கவிட்டால் ஃபேனும் டெம்பரேச்சரும் உண்மையைச் சொல்லிவிடும்.

கியர்பாக்ஸ் எண்ணெயில் ஓடும் கிளட்ச் கொண்ட டிஎஸ்ஜி. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், பில் கேளுங்கள். இந்தக் கியர்பாக்ஸின் தாங்குதிறனே சுமார் 350 என்எம். கம்பெனி அதை விளிம்பு வரை பயன்படுத்தியிருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்து அதைத் தாண்டிவிட்டால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். மேனுவல் மோடில் நாலாவது கியர், 2,000 ஆர்பிஎம், முழு மிதி: ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ரீமேப்பை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. அதனால் ஸ்கேனர் போட்டு இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் ஃபால்ட் பதிவையும் படிக்காமல் கை நனைக்காதீர்கள்.

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்; அடியில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க நத்தம் ரோடு பறக்கும் பாலம் நல்ல இடம். இணைப்புகளைத் தாண்டும்போது முன்பக்கம் 'டக்' என்று கேட்டால் சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட் மவுன்ட்டோ கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கிறது. பாலம் இறங்கி ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கரிலும் ஏற்றி இறக்குங்கள். சாதாரண ஆக்டேவியாவைவிட இது தாழ்வு. முன் பம்பரின் அடிவிளிம்பு கட்டாயம் உரசியிருக்கும், அது பரவாயில்லை. இன்ஜின் அடித்தட்டு உடைந்திருந்தால்தான் ஆயில் பேனையும் பார்க்க வேண்டும். டயர் ஓரத்தில் கடைசி நாலு எண் தயாரிப்பு வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

பெங்களூரு வண்டி மலிவாகத் தெரியும். என்ஓசி என்ற தடையில்லாச் சான்று (படிவம் 28), தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு என்று கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும். மதுரையின் டிஎன் 58, 59, 64 பதிவில் கிடைத்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 போதும். லோன் இருந்தால் அதை நீக்கப் படிவம் 35-ம்.

ஒரிஜினல் சைலன்சர், ஏர் ஃபில்டர் பாக்ஸ், இரண்டு சாவி, முழு சர்வீஸ் பில்கள் இருக்கும் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுக்கலாம். நீங்கள் விற்கும் நாளில் அடுத்தவரும் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.